ராசிக்கல் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம், லேப் பக்கம் வாங்க!

உங்க ஹாஸ்டல்ல கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். கையில மூணு அரியர், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இன்னும் ரெண்டு மாசம். ஊர்லேர்ந்து அம்மா போன்ல, ‘‘ஜோசியர் மாணிக்கம் போடச் சொன்னாருடா’’ன்னு சொல்லியிருப்பாங்க. அவ்வளவுதான்... மெஸ் பில் கட்ட வெச்சிருந்த காசு மோதிரமா மாறி விரல்ல ஏறியிருக்கும். இன்னொருத்தர், காதலியோட பிறந்த நாளுக்கு ‘உன் மாசத்துக்கான கல்’னு டாலர் வாங்கிட்டு, மாசம் பூரா டீக்குக் கடன் சொல்லிட்டு இருப்பார்.

கல்லு அதிர்ஷ்டம் தருமா, தராதா? அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் நடுவர் இல்லீங்க. நம்பிக்கை உங்க வீட்டு விஷயம். ஆனா, ‘காசு கொடுத்தேனே, இது மாணிக்கம்தானா?’ன்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அது பிசிக்ஸ். அதுக்கு விடை நிச்சயமா உண்டு. கஷ்டம் என்னன்னா, கடையில முதல் கேள்வியைப் பத்தியே பேசிப் பேசி ரெண்டாவது கேள்வியை நாம கேட்காமலே வந்துடறோம்!

லிஸ்ட் போட்டது யாரு?

ஜனவரின்னா கார்னெட், ஜூலைன்னா மாணிக்கம், செப்டம்பர்னா நீலம்னு ஒரு பட்டியல் சுத்துதே... மாசத்துக்கு ஒரு கல்லுங்கிற பழக்கம் பழசுதான். ஆனா, ஆளுக்கு ஒரு பட்டியல் வெச்சிருந்தாங்க. 1912-ல் அமெரிக்காவோட கன்சாஸ் சிட்டியில நகை வியாபாரிகள் சங்கம் கூடி, ‘இனிமே இதுதான்’னு ஒரே பட்டியலாக்கிட்டாங்க. 1952-ல் அதைத் திருத்தினாங்க. 2002-ல் டிசம்பருக்கு டான்சனைட்டைச் சேர்த்தாங்க. தமாஷ் என்னன்னா, டான்சானியாவுல அந்தக் கல்லையே 1967-ல்தான் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி டிசம்பர்ல பொறந்த நம்ம தாத்தாக்கள் எல்லாம் அது இல்லாமலே காலத்தை ஓட்டியிருக்காங்க, பாவம்! 2016-ல் ஆகஸ்ட் மாசத்துக்கு ஸ்பைனல் சேர்ந்தது. ஆக, அந்தப் பட்டியலை எழுதினது வானத்து நட்சத்திரம் இல்லை, கல்லாப்பெட்டி.

சூரியனும் சனியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க

நம்ம ஊர் நவரத்தினக் கணக்குல மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு, கனகபுஷ்பராகம் குருவுக்கு. சூரியனுக்கும் சனிக்கும் ஆகவே ஆகாதுன்னு எந்த ஜோசியரும் சொல்வார். ஆனா கெமிஸ்ட்ரி லேப்ல மூணு பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க! மூணுமே குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்ஸைடு. இங்கிலீஷ்ல ‘கொரண்டம்’னு சொல்றாங்களே, அந்தப் பேரே நம்ம குருந்தத்துலேர்ந்து போனதுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. துளி குரோமியம் சேர்ந்தா சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தா நீலம். மரகதமும் அக்வாமரைனும் இப்படித்தான். ரெண்டுமே பெரில்.

அதனால, நிறத்தை மட்டும் பார்த்துக் கல்லை எடை போடாதீங்க. ராஜாக்களே ஏமாந்திருக்காங்க. பிரிட்டிஷ் மகுடத்தோட நடு முன்னாடி ‘பிளாக் பிரின்ஸ் ரூபி’ன்னு கோழிமுட்டை மாதிரி ஒரு சிவப்புக் கல் இருக்கு. நூற்றாண்டுக்கணக்கா மாணிக்கம்னு கொண்டாடின அந்தக் கல், உண்மையில ஸ்பைனல்!

கீறிப் பார்க்கலாமா?

‘கண்ணாடியைக் கீறினா வைரம்’னு சினிமாவுல வரும். நம்பிடாதீங்க. 1812-ல் ஜெர்மனிக்காரர் ஃப்ரெட்ரிக் மோஸ், கனிமங்களுக்குக் கடினத்தன்மை வரிசை போட்டார். எது எதைக் கீறுதோ அதுக்கு மேலிடம். வைரம் 10, குருந்தம் 9, புஷ்பராகம்னு விக்கிற டோபாஸ் 8, குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடி 5.5-தான். ரோட்டோரம் கிடக்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லே அதைக் கீறிடும்!

இதுல உங்களுக்கு ஒரு உபயோகமான விஷயம் இருக்கு. காத்துல பறக்கிற தூசியில குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும். அதனால 7-க்குக் கீழே இருக்கிற கல்லைத் துணியால துடைச்சாலே மெல்ல மெல்ல மங்கும். முத்து, பவளம் எல்லாம் 3, 4-ன்னு இருக்கிற கேஸ். போதாக்குறைக்கு அமிலமும் ஆகாது. முத்து மோதிரத்தோட கெமிஸ்ட்ரி பிராக்டிகல் போனீங்கன்னா ரிசல்ட் விரல்லயே தெரியும். வைரமும் உடையாத ஆள் இல்லை. கீறுறது கஷ்டம், ஆனா சுத்தியலால ஒண்ணு போட்டா பிளந்துடும். கடினம் வேற, உறுதி வேற.

தண்ணியில போடுங்க

சரி, காசு செலவில்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒன்பதாங் கிளாஸ்ல படிச்ச ஆர்க்கிமிடீஸைக் கூப்பிடுங்க. மோதிரத்துல பதிக்காத கல்லை வாங்கிக்கோங்க. லேப் தராசுல காத்துல ஒரு எடை, நூல்ல கட்டித் தண்ணியில முக்கி ஒரு எடை. முதல் எடையை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க. வர்றதுதான் ஒப்படர்த்தி.

உதாரணத்துக்கு, 5 காரட் கல். ஒரு காரட்டுன்னா 200 மில்லிகிராம், ஆக 1 கிராம். தண்ணியில 0.75 கிராம் காட்டினா, 1-ஐ 0.25-ஆல வகுத்தா 4. குருந்தம்! தண்ணியில 0.60 காட்டினா விடை 2.5. மாணிக்கம்னு அவர் சொன்னது வெறும் கண்ணாடியா இருக்கலாம். வைரத்துக்கு 3.52. அதே மாதிரி மின்னுற ‘சிஇசட்’ கல்லுக்கு 5.6-க்கு மேல. அதே சைஸ்ல ஒண்ணரை மடங்குக்கும் மேல கனம்!

கடைசி கேட்ச்

4 வந்துடுச்சுன்னு விசில் அடிக்காதீங்க. இங்கதான் பெரிய ஆபத்து. 1902-ல் பிரெஞ்சுக்காரர் வெர்னே, அலுமினியம் ஆக்ஸைடு தூளை நெருப்புல உருக்கி மாணிக்கம் வளர்த்துக் காட்டினார். அதே ரசாயனம், அதே கடினம், அதே 4. உங்க தராசுக்கு வித்தியாசமே தெரியாது. மைக்ரோஸ்கோப்ல உள்ளே வளைவான கோடுகளும் குமிழிகளும் தெரிஞ்சாத்தான் மாட்டும். அது போலி இல்லை, நிஜ மாணிக்கம்தான். 1960-ல் தியோடர் மைமன் உலகத்தோட முதல் லேசரை உருவாக்கினது ஒரு செயற்கை மாணிக்கத்தை வெச்சுத்தான். ஆனா விலை மலிவு. அதை இயற்கைக் கல் விலைக்குத் தலையில கட்டினா, அது மோசடி. விரிசல்ல ஈயக் கண்ணாடி ஊத்தி நிரப்பின மாணிக்கமும் மார்க்கெட்ல உண்டு. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்த நிரப்பல் அரிச்சுப்போகும்.

அதனால, கடையில மூணே மூணு கேள்வி கேளுங்க. இது என்ன கனிமம்? இயற்கையா, செயற்கையா? சூடுபடுத்தினது, எண்ணெய் விட்டது, நிரப்பினதுன்னு ஏதாவது செஞ்சிருக்கா? மூணுக்கும் பதிலை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. பெரிய தொகைன்னா, ரத்தினப் பரிசோதனைக் கூடத்தோட சர்டிஃபிகேட் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. கடைக்காரர் முகம் மாறுச்சுன்னா, உங்களுக்கு நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்படியே நடையைக் கட்டுங்க!

அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கிறீங்களா? ‘‘கல்லை டெஸ்ட் பண்ணிட்டு வாங்கறேம்மா’’ன்னு சொல்லுங்க. பொய் இல்லையே! அப்படியே அந்த மெஸ் பில்லையும் கட்டிடுங்க. வயிறு நிறைஞ்சாத்தான் அரியர் கிளியர் ஆகும்.