பழைய போளையும் புதிய மெருகும்

கண்ணாடிப் போளைகளைச் சேர்த்து வைப்போருட் சிலர், பழையனவற்றைப் புதியனபோல் ஒளிரத் தீட்டுகின்றனர். இஃது அறிவுடையார் செயலன்று.

ஜேர்மனியிலே லௌசா என்னும் ஊரிற் கையாற் செய்த போளைகளில், கண்ணாடிக் கோலினின்றும் வெட்டியெடுத்த வடு பெரும்பாலும் முனையிலே காணப்படும். அமெரிக்காவிற் கிளாக்ஸ்பேர்க் நகரில் 1951 வரை நடைபெற்ற அக்ரோ அகேற் ஆலையின் போளைகளோ பொறியுருளைகளில் உருண்டு திரண்டவை; அவ்வடு அவற்றில் இல்லை. முனைக்கு முனை திருகுசுருளாய் ஓடும் வரியே அவற்றுட் பலவற்றுக்கு அடையாளம்.

தீட்டுங்கால் மேற்பரப்புத் தேய்கின்றது, வடுவும் உடன்போகின்றது. கைவேலை எது, பொறிவேலை எது எனத் துணிதற்குரிய சான்றொன்று ஒழிகின்றது. ஏட்டுப் பாடத்தைத் தம் மனம்போலத் திருத்தினோர் செய்ததும் இதுவே. பிறைவடிவான சிறு தழும்புகளோ, சிறுவர் போளையாற் போளையை அடித்தாடியமையால் வந்தவை, அவற்றை அழிப்பானேன்? தீட்டி விற்போர், வாங்குவோருக்கு அதனை மறையாது சொல்லுதலேனும் வேண்டும்.