கேன்சல் சொன்னாச்சு... டீ கிளம்பிடுச்சே!

சி, சி ப்ளஸ் ப்ளஸ்னு லேப்ல குடித்தனம் நடத்தறவங்களுக்கான வாரம் இது. மெக்கானிக்கல், சிவில் ஆளுங்க எல்லாம் பக்கத்தைப் புரட்டிடாதீங்க... மேட்டர் டீயில இருந்துதான் ஆரம்பிக்குது.

பீளமேடு பக்கம் ஒரு ஹாஸ்டல்ல, 12-ம் நம்பர் ரூம்ல நீங்க இருக்கறதா வெச்சுக்கோங்க. பக்கத்து பேக்கரிக்குப் போன் போட்டு, ''அண்ணா, 12-க்கு ரெண்டு டீ''னு சொல்றீங்க. (கோயமுத்தூர்ல டீ குடிக்க பேக்கரிக்குத்தானுங்களே போகணும்!) திடீர்னு ஊருக்குக் கிளம்ப வேண்டிய அவசரம். ''டீ வேண்டாங்ணா, கேன்சல்''னு சொல்லிட்டு, ரூமைக் காலி பண்ணி சாவியை வார்டன்கிட்ட கொடுத்துட்டு காந்திபுரத்துக்கு ஓடறீங்க. வார்டன் அந்த ரூமை உடனே இன்னொரு பையனுக்குக் கொடுத்துடறார்.

ஆனா, டீ கொண்டு வர்ற தம்பி நீங்க கேன்சல் சொல்றதுக்கு முன்னாடியே மாடிப்படி ஏறிட்டான். அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு... ரூம் நம்பர். நேரா உள்ளே போய், டேபிள்னு நினைச்சு டம்ளரை வைக்கிறான். அங்கே இருக்கறது புதுப் பையனோட ரெக்கார்டு நோட்டு!

இதுக்குப் பேர்தான் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ'. ரூம்தான் மெமரி. சாவியைக் கொடுத்தது 'ஃப்ரீ'. டீ தம்பிதான் பின்னணியில ஓடற த்ரெட். (மில்லு ஊர்க்காரங்க நமக்கு நூல் என்ன புதுசா!) அட்ரஸ் பழசு, ஆள் புதுசு... அதுதான் பிரச்னை.

புரோகிராம் உடனே கிராஷ் ஆனா நீங்க அதிர்ஷ்டசாலி. ஆகாம ஓடிட்டே இருந்து, வேற யாரோட டேட்டாவையோ சத்தமில்லாம கெடுத்தா? காலியான அந்த ரூம்ல ஒரு திருடன் ப்ளான் பண்ணி வந்து உட்கார்ந்தா? கூகுளோட குரோமியம் டீம், 2015-ல இருந்து வந்த 912 சீரியஸான செக்யூரிட்டி ஓட்டைகளை அலசி 2020-ல ஒரு கணக்கு சொன்னாங்க. அதுல சுமார் 70 சதவிகிதம் மெமரி தப்புகள். அதுலயும் பாதி, நம்ம யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ!

'கத்துக்குட்டிங்க கோடுலதான் இதெல்லாம் வரும்'னு நினைச்சா, லினக்ஸ் கெர்னலைப் பாருங்க. அதுல 'பி.டி.எஸ்.டி.ஐ.ஓ'னு ஒரு ப்ளூடூத் டிரைவர். டேட்டா அனுப்பற வேலையை அது பின்னணியில ஓடற ஒரு க்யூவுல போட்டுடும். கார்டைக் கழட்டினா, 'ரிமூவ்' ஃபங்ஷன் வந்து மெமரியை ஃப்ரீ பண்ணும். ஆனா, க்யூவுல போட்ட வேலை முடிஞ்சுதானு பார்க்காது! சி.வி.இ-2023-1989-னு நம்பர் கொடுத்து இதை ஓட்டையா அறிவிச்சாங்க.

சுவாரஸ்யமே இனிமேதான். இதைச் சரி பண்ண வந்த முதல் பேட்ச்சால, 'நல் பாயின்ட்டர்' சிக்கல் புதுசா வரலாம்னு தெரிஞ்சு, அதை வாபஸ் வாங்கினாங்க. கடைசியில நிலைச்சது, சுத்தம் பண்ற வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி 'கேன்சல் ஒர்க் சிங்க்'கைக் கூப்பிட்ட பேட்ச். ஆக மொத்தம், ஒரே ஒரு வரி. ஆனா, அந்த வரி எந்த இடத்துல உட்காரணும்கிறதுலதான் எல்லாமே இருக்கு!

'கேன்சல் ஒர்க்', 'கேன்சல் ஒர்க் சிங்க்'... லினக்ஸ்ல ரெண்டுமே உண்டு. முதலாவது, இன்னும் கிளம்பாத ஆர்டரை மட்டும் கிழிச்சுப் போடும். ரெண்டாவது, கிளம்பின தம்பி திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கும். சொல்றது வேற, நின்னுடுச்சானு உறுதி பண்றது வேற பாஸ்!

'எதுக்குக் காத்திருக்கணும்? த்ரெட்டை அப்படியே போட்டுத் தள்ளிடலாமே'னு கேட்பீங்க. ஜாவாவுல 'த்ரெட் டாட் ஸ்டாப்'னு அதுக்கே ஒண்ணு இருந்துச்சு. பாதி எழுதின டேட்டா அந்தரத்துல நிக்கும்னு 1998-லயே 'யூஸ் பண்ணாதீங்க'ன்னுட்டாங்க. 2023-ல வந்த ஜாவா 20-ல இருந்து, கூப்பிட்டாலே எர்ரர்தான்.

சரி, நாம என்ன பண்றது?

1. வரிசை முக்கியம். புது ஆர்டரை நிறுத்து. 'போதும்'னு சொல்லு. முடியற வரைக்கும் காத்திரு. அப்புறம்தான் ஃப்ரீ. 'போதும்'னு சொல்ற ஃப்ளாக் 'அட்டாமிக்'கா இருக்கட்டும். வேலை செய்யற த்ரெட்டும் அதை அடிக்கடி எட்டிப் பார்க்கணும்.

2. லாக்கைக் கையில வெச்சுட்டுக் காத்திருக்காதீங்க. கேட் சாவி உங்ககிட்ட, தம்பி உள்ளே மாட்டிக்கிட்டான்... 'அவன் வெளியே வந்தாதான் சாவி தருவேன்'னு நின்னா, ரெண்டு பேருமே விடிய விடிய நிக்க வேண்டியதுதான். அதான் டெட்லாக்!

3. காத்திருக்க முடியாதா? ரூமுக்கு ரெண்டு சாவி போடுங்க. சி ப்ளஸ் ப்ளஸ் 11-ல வந்த 'ஷேர்டு பாயின்ட்டர்' அதுதான். கடைசி சாவி திரும்பி வந்தாதான் ரூம் காலி.

4. சி ப்ளஸ் ப்ளஸ் 20-ல 'ஜே-த்ரெட்' இருக்கு. அழியறப்ப அதுவே 'நிறுத்து'னு சொல்லி, காத்திருக்கும். ஆனா ஒண்ணு... கிளாஸ்ல அதைக் கடைசி மெம்பரா எழுதுங்க. மெம்பர்கள் அழியறது தலைகீழ் வரிசையில. முதல்ல எழுதினா, த்ரெட் நிக்கறதுக்குள்ள மத்த மெம்பரெல்லாம் செத்திருக்கும்!

5. ரஸ்ட் கத்துக்கிட்டா இன்னும் நிம்மதி. இன்னொரு த்ரெட் தொடுற மெமரி பாதியில காலியாகலாம்னா, கம்பைலரே 'முடியாது'னு அடம் பிடிக்கும்.

'என் கோடு நல்லாத்தானே ஓடுது'னு சொல்றவங்களுக்கு ஒரு வேலை. வேலை செய்யற த்ரெட்டுக்குள்ள வேணும்னே ஒரு சின்ன 'ஸ்லீப்' போடுங்க. ஆரம்பி, கேன்சல் பண்ணு, ஃப்ரீ பண்ணு... இதை லூப்ல 1,000 தடவை ஓட்டுங்க. ஜி.சி.சி.யில 2013-ல இருந்தே 'அட்ரஸ் சானிட்டைசர்' இருக்கு. அதை ஆன் பண்ணிட்டு கம்பைல் பண்ணினா, மெமரியை எந்த வரி ஃப்ரீ பண்ணுச்சு, எந்த வரி அப்புறமும் தொட்டுச்சுனு புட்டுப் புட்டு வைக்கும். காசு? அஞ்சு பைசா கிடையாது.

ப்ராஜெக்ட் ரிவ்யூவுல எக்ஸ்டர்னலோட விரல் முதல்ல தேடறது 'கேன்சல்' பட்டனைத்தான். அவர் அமுக்கறதுக்கு முன்னாடி நீங்க 1,000 தடவை அமுக்கிப் பார்த்துடுங்க!