பாட்டுக்குப் பொருத்தம் பார்ப்பது யார்?

விஞ்ஞானம் முதலில் மனிதனின் கை வேலையைக் குறைத்தது. பிறகு கணக்கு வேலையைக் குறைத்தது. இப்போது தேர்ந்தெடுக்கும் வேலையையும் தானே ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறது. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பாட்டுப் போடும் டி.ஜே. இளைஞர்களின் மடிக்கணினியில், அடுத்து எந்தப் பாட்டைப் போடலாம் என்று மென்பொருளே யோசனை சொல்கிறது. அந்த யோசனைக்கு ஓர் எல்லை வேண்டும். நாம் முன்கூட்டியே தேர்ந்து வைத்த பாட்டுத் தொகுப்புக்குள் மட்டுமே அது தேட வேண்டும் என்பது என் கருத்து.

கருவி எப்படிப் பொருத்தம் பார்க்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை தாளத்தட்டு விழுகிறது என்று அது எண்ணுகிறது. பிறகு சுருதியைக் கணிக்கிறது. மேலைநாட்டு இசையின் 12 மேஜர், 12 மைனர் ஆகிய 24 நிலைகளையும் கடிகார முகம் போன்ற ஒரு சக்கரத்தில் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அடுக்கியிருக்கிறார்கள். கேமலாட் சக்கரம் என்று அதற்குப் பெயர். ஒரே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ இருக்கும் இரண்டு பாட்டுகள் பெரும்பாலும் உரசாமல் கலக்கும். வேகமும் சுருதியும் ஒத்து வந்தால், ‘இதைப் போடலாம்’ என்று திரை காட்டுகிறது.

நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கருவி பார்ப்பதோ முக்கியமாக இரண்டு. அந்த இரண்டிலும் தடுமாற்றம் உண்டு. 70 தட்டு உள்ள பாட்டை 140 என்று எண்ணிவிடும். நம் இசையில் மேளகர்த்தா ராகங்களே 72. மாயாமாளவகௌளை மேஜரும் அல்ல, மைனரும் அல்ல; ஆயினும் அந்த 24 அறைகளில் ஏதோ ஒன்றில்தான் கருவி அதை அடைக்கும்.

மீதமுள்ள பொருத்தங்கள் என்னென்ன? இடம், வேளை, நிகழ்ச்சி, கேட்கும் மக்கள், அவர்கள் மனநிலை. இவற்றைக் கருவி அறியாது. எங்கள் ஜெயமங்கலத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்ததும், திரை காட்டிய முதல் பாட்டை அப்படியே ஓடவிட்டார் ஓர் இளைஞர். வேகம் ஒத்திருந்தது, சுருதியும் ஒத்திருந்தது. ஆனால் அது தாயை இழந்த பிள்ளை அழுகின்ற சினிமாப் பாட்டு. மணப்பெண்ணின் தாயார் காலமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. இதற்குக் கருவியைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. கேள்விதான் குறையுடையது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் எல்லாத் தெருவினரும் கூடுகிறார்கள். அங்கே ஒரு சாதியின் பெருமையைப் பாடும் பாட்டு ஒன்று இடையில் வந்து விழுந்தால், விடிவதற்குள் ஊர் இரண்டாகிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, சாதி, சமயம், அரசியல் கட்சி ஆகியவற்றைத் தொடும் பாட்டோ ஆட்டமோ கூடாது என்று பல வழக்குகளில் நிபந்தனை விதித்திருக்கிறது. கருவிக்கோ அதுவும் ஒரு பாட்டு, இத்தனை தட்டு, இன்ன எண், அவ்வளவே. வழக்கு வந்தால் வாசலில் நிற்கப் போவது கருவி அல்ல.

எல்லை வகுப்பது நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் யாழையும் சேர்த்துச் சொன்னது தொல்காப்பியம். அந்தந்த நிலத்துக்கு அந்தந்த இசை என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். இசைத்தட்டுக் காலத்து மைக் செட்காரரும் அந்த வழியில் வந்தவரே. பெட்டியில் எடுத்து வந்த தட்டுகளே அவருடைய உலகம். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையாரை அழைத்துத் தொடங்குவார். ஆடி மாதமானால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் மேலே வரும். எதை எடுத்துப் போவது என்று அவர் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டதால், பந்தலில் அவருக்குத் தவறு நேரும் வாய்ப்புக் குறைவு.

அந்தப் பெட்டியைக் கணினிக்குள்ளும் வைக்க முடியும். ‘மிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளில் பாட்டுகளைப் பிரித்து வைக்கும் தொகுப்புக்குக் ‘கிரேட்’ என்றே பெயர். பெட்டி என்று பொருள். தானாக ஓடும்போது எந்தப் பெட்டிகளிலிருந்து பாட்டை எடுக்க வேண்டும் என்று அதில் குறித்துவிடலாம். பொருத்தம் காட்டும் எல்லா மென்பொருளிலும் இத்தகைய வசதி முதன்மையாக அமைய வேண்டும்.

பெட்டியை நிகழ்ச்சி நோக்கிப் பிரிக்க வேண்டும்; இசையமைப்பாளர் பெயரால் பிரித்தால் போதாது. நம் பண்ணைப்புரத்து இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் திரையுலகுக்கு வந்தார். அவர் ஒருவரின் பாட்டுகளிலேயே தாலாட்டும் உண்டு, கொண்டாட்டமும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. ஒரே பெயருக்குள் மூன்று வீடுகள் அடங்கியிருக்கின்றன.

“எல்லை போட்டால் புதுமை செத்துவிடாதா? மறந்துபோன நல்ல பாட்டைக் கருவிதானே நினைவூட்டுகிறது?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகலில், வீட்டில், முழுச் சேமிப்பையும் கருவிக்குத் திறந்துவிடுங்கள். அது காட்டும் புதிய பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். பிடித்தால் பெட்டியில் சேருங்கள். தோட்டத்துக்கு வேலி போடுகிறவன் விதைப்பதை நிறுத்துவதில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. பெட்டியை நிரப்புவது யார்? ஒரு தெருவின் விருப்பம் மட்டும் உள்ளே போய், மற்றத் தெருவின் பாட்டு வெளியே நின்றால், கருவியின் அறியாமைக்குப் பதில் மனிதனின் ஓரவஞ்சனை வந்துவிடும். ஆகவே விழாக் குழுவில் பெரியவர்கள், இளைஞர்கள், பெண்கள், எல்லாத் தெருவினரும் கூடிப் பேசித் தொகுப்பை முடிவு செய்ய வேண்டும். அரை நாள் வேலைதான். ஓர் ஆண்டுப் பகையை அது தடுக்கும்.

நம் கல்லூரி ஆண்டு விழாவிலிருந்தே இதைத் தொடங்கலாம். மாணவர் மன்றமும் பேராசிரியர்களும் கலந்து ஒரு தொகுப்பை உருவாக்கட்டும். அதற்குள் எந்தப் பாட்டை அடுத்து எந்தப் பாட்டு என்று கருவி தாராளமாகச் சொல்லட்டும். தட்டை எண்ணுவதில் அது நம்மைவிடக் கெட்டி. எதிரே அமர்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பது மட்டும் நம் வேலையாகவே இருக்கட்டும்.