இழுவை வண்டியும் வாடிக்கைக்காரரும்

மளிகைக் கடைக்காரர் நிறையில் சிறிது குறைத்தாரென்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் நாம் வேறு கடைக்குப் போவோம். அவரும் அதனை அறிவார். தையற்காரர், சலவைக்காரர், உணவுச்சாலையார் ஆகிய யாவரிடத்தும் நமக்குள்ள பாதுகாப்பு இதுவே. வாடிக்கை என்னும் சொல்லே மீண்டும் மீண்டும் வருதலைக் குறிப்பதன்றோ? ஆனால், பழுதுற்று நின்ற மோட்டார் வண்டியைக் கட்டியிழுத்துச் செல்லும் ஸ்தாபனத்தாரிடம் இப்பாதுகாப்புச் சிறிதும் இல்லை. அவர்களை நாம் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோதான் சந்திக்கிறோம். சந்திக்கும் வேளையில் நம்மிடம் தேர்ந்தெடுக்கும் வலிமை இராது. மறுமுறை அவர்களிடம் போகமாட்டோம் என்று அச்சுறுத்துவதும் பயனற்றது. இவர்களுக்கு நாம் வாடிக்கைக்காரர் என்று பெயரிடுவது உபசாரமேயன்றி உண்மையன்று. இக்கட்டுரையில் யான் கூறக் கருதுவது, வாடிக்கை செய்யவேண்டிய காவலை இத்தொழிலில் சட்டமும் எழுத்துமே செய்யவேண்டும் என்பதாம்.

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு என் தாயாருடன் பிரயாணம் செய்தபோது, துவரங்குறிச்சிக்கு அப்பால் எங்கள் கார் நின்றுவிட்டது. இரவு ஒன்பது மணி இருக்கும். பெரிய லாரிகள் ஒவ்வொன்றும் கடக்குந்தோறும் எங்கள் வண்டி அதிர்ந்தது. நெடுஞ்சாலையில் இத்தகைய சமயத்தில் 1033 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதை அப்பொழுது நான் மறந்துபோனேன். கைப்பேசியில் அகப்பட்ட ஓர் இழுவை ஸ்தாபனத்தை அழைத்தேன், நாலாயிரம் ரூபாய் என்றனர், சம்மதித்தேன். அந்நேரத்தில் பத்தாயிரம் என்றாலும் சம்மதித்திருப்பேன் என்பதே வாஸ்தவம்.

ஒன்றரை மணி நேரத்தில் வந்தது கொக்கியும் சங்கிலியும் உடைய கிரேன் வண்டி. எங்கள் கார் தானியங்கிக் கியர் உடையது. எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்வது. வந்த ஓட்டுநர் அதன் பின்புறத்தைத் தூக்கி, முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்ல முற்பட்டார். இங்கே சிறிது விளக்கம் வேண்டும். இத்தகைய கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் செலுத்தும் பம்பு, எஞ்சின் ஓடும்பொழுதுதான் வேலை செய்யும். எஞ்சின் நின்றிருக்க, சக்கரங்கள் மட்டும் பல மைல் உருண்டால், எண்ணெய் பெறாத உறுப்புகள் ஒன்றையொன்று தேய்த்து அழியும். ஆகவே முன்சக்கரங்களைத் தூக்கவேண்டும். அல்லது வண்டி முழுவதையும் தட்டையான மேடையுள்ள லாரியின்மேல் ஏற்றவேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியாயின் மேடை லாரியே தகுந்தது. இவையெல்லாம் வண்டியோடு தரும் கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கின்றன. அதனை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? யானும் அன்றிரவுதான் கைவிளக்கின் ஒளியில் அதைத் திறந்தேன்.

ஓட்டுநர் நான் காட்டிய பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "ஐயா சொல்றது சரிதானுங்க. ஆனா ஆபீஸில் எந்த வண்டியின்னு என்கிட்டச் சொல்லல" என்றார். தம் ஸ்தாபனத்தோடு பேசி மேடை லாரியை வரவழைத்தார். அது வரும் வரையில் என் தாயாரைத் தம் வண்டியின் உள்ளே இருத்தித் தண்ணீரும் கொடுத்தார். அம்மனிதரைப் பற்றி எனக்கு யாதொரு குறையும் இல்லை. குறையெல்லாம் மறுநாள் வந்த கணக்கைப் பற்றியதே. நாலாயிரம் ஆறாயிரத்து ஐந்நூறு ஆகியிருந்தது. இரவுக் கட்டணம், சுங்கச்சாவடிக் கட்டணம், காத்திருந்த கட்டணம் என்று மூன்று காரணங்களை வாய்மொழியாகக் கூறினார்கள். காத்திருக்க நேர்ந்தது அவர்கள் தவறான வண்டியை அனுப்பியதனாலன்றோ என்று கேட்டேன். "பணம் கட்டினால் சாவி" என்பதே விடை. கட்டினேன்.

இஃது அழைத்தவர் படும் பாடு. அழையாமலே வண்டியை இழக்கிறவர் படும் பாடு வேறு. வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர் திரும்பி வந்து காலி இடத்தைக் காண்கிறார். திருட்டா, அரசாங்கமா என்று தெரியாது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 127-ஆம் பிரிவு இதனைப் பற்றியது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் அகற்ற, அவ்விடத்துக்கு அதிகாரமுள்ள, சீருடையணிந்த போலீஸ் உத்தியோகஸ்தர் அநுமதி அளிக்கலாம். அவ்வாறு அகற்றியதற்கான செலவு முழுவதும், பிற தண்டத்துக்கு மேற்பட, உடையவரையே சாரும். செலவு எவ்வளவு என்பதைப் பற்றியோ, உடையவருக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதைப் பற்றியோ அப்பிரிவினுள் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒன்று நோக்குக: அநுமதி தருபவர் போலீஸ் உத்தியோகஸ்தரேயன்றி, ஒப்பந்தக்காரரின் கூலியாள் அல்லர். இவ்வேறுபாடு தெருவில் மறைந்துபோகும்போதுதான் சச்சரவு எழுகிறது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் ஜனங்களின் முறையீடு மிகவே, வண்டிகளை இழுத்துச் செல்வதையே அரசாங்கத்தார் நிறுத்திவைக்க நேர்ந்தது.

மற்றப் பக்கத்தின் நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. ஆஸ்பத்திரி வாயிலை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றத்தான் வேண்டும். நம் கலாசாலை ஆண்டு விழாவன்று பழைய மாணவர்களாகிய கனவான்கள் தம் கார்களை வாயிலருகே நிறுத்தும் அழகைக் கண்டவர்கள், இழுவை வண்டிக்காரரைப் பற்றி நான் சொல்லும் குறைகளை அத்தனை விரைவில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்! அன்றியும், தொழில் ஆபத்து மிக்கது. இதன் பிறப்பே உதவியில்தான். 1916-இல் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்துச் சட்டனூகா நகரில், எர்னஸ்ட் ஹோம்ஸ் என்னும் பட்டறைக்காரர், நண்பர் ஒருவரின் ஃபோர்டு வண்டி ஓடையில் கவிழ்ந்தபோது, பலர் கூடிக் கயிறுகளால் இழுத்தும் நெடுநேரம் வருந்தியதைக் கண்டு, ஒரு பழைய காடிலாக் வண்டியின்மேல் மூன்று கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தி முதல் இழுவை வண்டியைச் செய்தார். இன்று அந்நகரில் இத்தொழிலுக்கென ஒரு காட்சிச்சாலை உண்டு. சாலையோரத்தில் பணிசெய்கையில் உயிர்நீத்த இழுவைத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுச் சுவரும் அங்கே எழுப்பியிருக்கிறார்கள்.

அதே நாட்டில்தான், இவ்விஷயத்தில் யாவரும் அறியத்தக்க ஒரு வழக்கும் நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் மான்செஸ்டர் நகரில் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் ஒருவர் வசித்துவந்தார். பனிப்புயல் வீசும்போது குடியிருப்போர் தம் வண்டிகளை முற்றத்திலிருந்து அகற்றவேண்டும் என்பது அங்குள்ள விதி. 2007 பிப்ரவரியில் புயல் வந்தபோது இவர் கடும் நோயால் படுக்கையில் இருந்தார், வண்டியை அகற்றவில்லை. அதனை இழுத்துச் சென்றதும் அவருக்குத் தெரியாது. சிறிது நாளில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இடது பாதம் வெட்டியெடுக்கப்பட்டது. அப்பொழுதே மாரடைப்பும் கண்டது. ஏப்ரல் 9 வரையில் அவர் வைத்தியர்களின் கையில் இருந்தார். ஸ்தாபனத்தார் அனுப்பிய கடிதமோ, மேல்விலாசதாரர் இடம் மாறிவிட்டார் என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. பிறகு, வண்டி ஏலத்துக்கு வருகிறது என்று அவருடைய வக்கீல் அறிந்து, பணம் செலுத்தி மீட்டுக்கொள்கிறோம் என்று தெரிவித்தார். தெரிவித்தும் ஏலம் நடந்தது. கேட்பார் ஒருவரும் இல்லை. வண்டியை மூன்றாம் ஒருவருக்குப் பண்டமாற்றாகக் கொடுத்துவிட்டார்கள். உடையவருக்கு ஒரு காசும் வரவில்லை.

அவர் மாகாணச் சட்டப்படி வழக்குத் தொடுத்தார். மோட்டார்ப் போக்குவரத்து ஸ்தாபனத்தாரின் விலை, வழி, சேவை ஆகியவற்றில் மாகாணங்கள் தலையிடலாகாது என்னும் மத்திய சட்டத்தை ஸ்தாபனத்தார் கேடயமாகக் காட்டினர். முதல் நீதிமன்றம் அதனை ஏற்றது. மாகாண உயர்ந்த நீதிமன்றம் மறுத்தது. ஈற்றில் 2013 மே மாதத்தில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய ஏகமனதான தீர்ப்பில், உடையவர் பக்கமே நின்றது. இழுத்துச் செல்வது போக்குவரத்துத்தான். ஆனால் போக்குவரத்து முடிந்தபின் வண்டியைக் கிடங்கில் வைத்து விற்பது போக்குவரத்தாகாது என்பது அதன் கருத்து. மேலும், எந்த மாகாணச் சட்டத்தின் பலத்தால் ஸ்தாபனத்தார் வண்டியை விற்றார்களோ, அதே சட்டத்தின்படி உடையவர் கேள்வி கேட்கும்போது அது செல்லாது என்று அவர்கள் சொல்ல முடியாது என்றும் நீதிபதி காட்டினார்.

இவ்வழக்கில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த நோயாளி விதியை மீறினாரா இல்லையா என்பதன்று. மீறினார், இழுவைக் கூலியையும் கிடங்கு வாடகையையும் கொடுக்கவும் ஒருப்பட்டார். ஒருப்பட்டவரிடமிருந்து பொருளை மறைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? சாவி கையில் இருப்பவனுக்குப் பேச்சு வேண்டாம் என்ற நினைப்பிலிருந்துதான். துவரங்குறிச்சியில் நான் கண்டதும் அந்நினைப்பின் சிறிய வடிவமே. ஒன்றில் ஒரு வண்டி போயிற்று, மற்றொன்றில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிற்று, அளவுதான் வேறு.

போட்டி மிகுந்தால் ஒழுங்கு தானே வரும் என்று பொருளாதார வகுப்பு மாணவர் சிலர் என்னிடம் வாதித்தனர். பகலில், வீட்டு வாயிலில் வண்டி நின்றுபோனால் அஃது உண்மையாகலாம். இரவில், லாரிகளுக்கு நடுவே, முதியவரை அருகில் வைத்துக்கொண்டு நான்கு ஸ்தாபனங்களின் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர் யாரேனும் இருந்தால் அவரை வணங்குகிறேன். அழையாமல் இழுக்கப்பட்ட வண்டியின் விஷயத்திலோ போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆதலின், கட்டணத்தை இனவாரியாக எழுதி, கொக்கி மாட்டுமுன் கையொப்பம் பெறவேண்டும் என்றும், வண்டி இருந்த நிலையைப் படமெடுத்து ஒரு பிரதி உடையவருக்குத் தரவேண்டும் என்றும், கூலி கொடுக்க ஒருவர் முன்வந்தபின் கிடங்கில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஸ்தாபனத்தாரே பொறுப்பாவர் என்றும் விதி வேண்டும். இதில் நேர்மையான ஸ்தாபனத்துக்கு நஷ்டம் யாதும் இல்லை. அந்த ஓட்டுநர் போன்றவர்களுக்கோ, தாம் சொல்லாத விலைக்குத் தாம் வசைகேட்கும் துன்பம் நீங்கும்.

அந்த ஸ்தாபனத்தாருக்கு, மூன்று கட்டணங்களையும் தனித்தனியே காட்டும் ரசீது கேட்டு ஆனி மாதத்தில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வந்தது. இரண்டாம் முறை எழுதியபின் சுங்கச்சாவடிச் சீட்டின் படம் வந்தது. அதில் இருந்த தொகை அவர்கள் வாயால் சொன்னதில் பாதியாக இருந்தது. மூன்றாம் கடிதம் இப்பொழுது என் மேஜைமேல் இருக்கிறது. நாளைத் தபாலில் போகும்.