கரண்ட் பில் பிளானிலேயே கீறப்படுகிறது

மின்கட்டணம் கூடுகிற ஒவ்வொரு முறையும் எங்களுக்கு அதே புத்திமதிதான் வருகிறது. தேவையில்லாத லைற்றை நிப்பாட்டுங்கோ, ஃபானைக் குறையுங்கோ, இரவில அயர்ன் பண்ணாதேங்கோ. 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அதற்குப் பிறகு கட்டணம் இறங்கியும் ஏறியும் விட்டது. புத்திமதி மட்டும் மாறவேயில்லை. பழியும் எப்போதும் சுவிச்சில் கை வைத்தவர் மேல்தான்: குசினியில் நிற்கிற அம்மா மேல், இரவிரவாகப் படிக்கிற பிள்ளை மேல்.

இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு வீடு எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பது அத்திவாரம் வெட்ட முன்னமே, பிளான் கீறுகிற மேசையில் பாதி முடிவாகிவிடுகிறது. அந்த மேசையில் இருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பிறகு முப்பது வருசத்துக்கு அந்த வீட்டில் இருக்கிற சனம் பில் கட்டுகிறது.

யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. மத்தியான வெயிலை வாங்குவது சுவரைவிடக் கூரைதான். அப்படியான ஊரில் நாங்கள் கட்டுவது என்ன? காசுள்ளவர் கொங்கிரீற் தட்டு அடிக்கிறார். இல்லாதவர் அஸ்பெஸ்டஸ் சீற் போடுகிறார். தட்டு பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாங்கள் படுக்கப் போகிற நேரம் பார்த்து வெக்கையை உள்ளே விடுகிறது. சீற்றுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. கீழே சீலிங் இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கே வீடு அடுப்பு.

சுவர்ப் பக்கம் வாருங்கள். பின்னேர வெயில் சாய்ந்து அடிக்கிற மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி யன்னல், அதுக்கு மேல ஒரு சன்சேட்கூட இல்லை. சோளகம் வீசுகிற தெற்குப் பக்கத்தை பாத்ரூமும் உயர்ந்த மதிலும் அடைத்து நிற்கின்றன. ஒரு யன்னலால் வந்த காற்று இன்னொரு யன்னலால் வெளியே போனால்தான் அறை மூச்சு விடும். ஒற்றை யன்னல் அறையில் ஃபான் செய்வது சூடான காற்றையே திருப்பித் திருப்பிச் சுத்துவதுதான். அதுவும் காணாமல் ஏசி வருகிறது. ஒரு சின்ன ஏசி எடுக்கிற மின்னில் பத்து ஃபான் ஓடும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து சோலர் என்கிறார்கள். சோலரை நாங்கள் எதிர்க்கவில்லை. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தால் பல கூரைகளில் பலகை ஏறியது நல்ல விசயம்தான். ஆனால் சோலர் கரண்ட் தருவது பகலில். நாட்டில் மின்தேவை உச்சத்துக்குப் போவதோ மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலர் வைத்திருந்தவர்களைப் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிச்சம், இரவில் தேவை என்பதுதான் எங்கள் நிலைமை. வீட்டின் கொங்கிரீற் வெக்கையைக் கக்குவதும் அந்த இரவு நேரத்தில்தான். வெந்துபோன வீட்டுக்கு மேல் சோலர் பூட்டுவது, ஓட்டை வாளிக்குப் பெரிய பைப் பூட்டுகிற வேலை. முதலில் ஓட்டையை அடைக்க வேணும்.

இது வெறும் கட்டடக்கலைப் பிரச்சினை இல்லை. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் பல்லாயிரம் வீடுகள் ஒரே காலத்தில் எழுந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபா. மேசன் கூலியும் சீமெந்து விலையும் ஏற ஏற, பல குடும்பங்கள் கடன்பட்டுத்தான் வீட்டை முடித்தன. அந்தக் காசுக்குள் நிழலுக்கு, விறாந்தைக்கு, சீலிங்குக்கு எங்கே இடம்? 2016இல் இன்னும் மேலே போய், 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். இந்த வெயிலுக்கு இரும்பு வீடா என்று சனம் கேட்டது. விலையையும் உறுதியையும் பற்றிப் பொறியியலாளர்கள் கேட்டார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கேள்வி கேட்டால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இருக்கப் போகிறவர்களைக் கேட்டுவிட்டு வீடு கட்டுவது இந்தத் தீவுக்குப் புதிதும் இல்லை. 1950களின் கடைசியில் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் வடிவமைத்த மினெட் டி சில்வா, குடியேறப் போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து அவர்கள் வாழ்கிற விதத்தை விசாரித்தார். பல இனத்தவர், பல வருமானத்தவர், அதனால் பல வகை வீடு. அறுபது வருசம் கழித்து எங்களுக்குக் கிடைப்பது முல்லைத்தீவுக்கும் மட்டக்களப்புக்கும் ஒரே அச்சில் வார்த்த பிளான்.

அஸ்பெஸ்டஸ் கதை இதைவிடக் கேவலம். அது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது. இலங்கையும் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டைக் காரணம் காட்டி எங்கள் தேயிலையை ரஷ்யா நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடும் அதுதான். கொஞ்ச நாளில் தேயிலை மறுபடி போனது, அஸ்பெஸ்டஸ் தடை பின்வாங்கப்பட்டது. ஏழையின் கூரை பேரம் பேசுகிற பண்டமாகிப் போனது.

இதை வாசித்துவிட்டுச் சிலர் ‘அதுதான் எங்கட நாற்சார் வீடு’ என்று பெருமூச்சு விடுவார்கள். விடட்டும். நடு முற்றமும், ஓட்டுக் கூரையும், சுற்றிவர விறாந்தையும் வெக்கையை விளங்கிக் கட்டியவைதான். ஆனால் அதே வீட்டின் திண்ணையோடு யார் நிறுத்தப்பட்டார்கள், வெக்கையும் புகையும் நிறைந்த குசினிக்குள் யார் கிடந்தார்கள் என்பதையும் நாங்கள் மறக்கமாட்டோம். அந்த வீட்டைக் கட்டிய கைகளில் எத்தனை கைகள் உள்ளே போக விடப்பட்டன? அதன் காற்றும் நிழலும் எங்களுக்கு வேணும். அதன் சாதி வேண்டாம். குசினிக்கும் இரண்டு பக்கம் யன்னல் வையுங்கோ, பிறகு பெருமை பேசுவம்.

‘இதெல்லாம் காசுக்காரன்ர கதை’ என்றும் சொல்வார்கள். பிளானைத் திருப்பிப் போட்டு நீளச் சுவர்களை வடக்கு தெற்குப் பார்க்க வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. யன்னலை எதிர் எதிராக வைப்பதற்கும் இல்லை. தட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், மேற்கே ஒரு வேம்பு நடுவதும் ஏழை வீட்டுக்கும் முடிகிற வேலை. ஓடும் மரமும் சீலிங்கும் விலைதான், அதை மறைக்கவில்லை. அதனால்தான் அந்தச் செலவு மானியக் கணக்குக்குள் வர வேண்டும் என்கிறோம்.

பிரதேச சபைகளிடம் நாங்கள் கேட்பதும் பெரிய விசயமில்லை. எல்லைக்கு எத்தனை அடி விட்டிருக்கிறது என்று பிளானைப் பார்க்கிற அதிகாரி, படுக்கையறைக்குக் காற்று எந்த வழியால் வந்து எந்த வழியால் போகும் என்றும் பார்க்கட்டும். வீட்டுத்திட்டம் எதுவானாலும் பயனாளிகளோடு, முக்கியமாகப் பெண்களோடு, கதைத்துவிட்டுப் பிளானைக் கீறட்டும். அஸ்பெஸ்டஸ் தடையைத் திரும்பக் கொண்டுவரட்டும்.

உங்கட வீட்டிலும் ஒருநாள் மேசைக்குப் பிளான் வரும். வெளிநாட்டு மாமா மாடி கேட்பார், அப்பா ரைல்ஸ் விலை பார்ப்பார். நீங்கள் பிளான் கீறினவரைக் கேளுங்கோ: சோளகம் எந்தப் பக்கத்தால வரும், பின்னேர வெயில் எந்த அறையில விழும்? பதில் தெரியாட்டி, மிச்சக் காசைக் குடுக்காதேங்கோ.