அசலம் என்று பெயரிட்டோம்

1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் ஒரு பொதுக்கூட்டத்தில் காந்தி பேசினார். அதற்கு ஒன்பது நாள் முன்புதான் பீகாரும் நேபாளமும் குலுங்கி, 10,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். முங்கேர் நகரம் இடிபாடாகக் கிடந்தது. தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார் காந்தி. தாகூரால் அதை ஏற்க முடியவில்லை. இயற்கையில் நடப்பதற்கு இயற்கைக்குள்ளேதான் காரணம் இருக்கும் என்று மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியே தம் ‘ஹரிஜன்’ இதழில் வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

தீண்டாமை பாவம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனாலும் அந்த வாதத்தில் நான் தாகூர் பக்கம்தான். ‘சரி, அந்தக் காரணம் என்ன?’ என்று அன்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால், உலகத்தில் எந்த அறிஞரிடமும் முழு விடை இருந்திருக்காது. விடை அப்போது துண்டு துண்டாகக் கிடந்தது.

முதல் துண்டு ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில் கிடைத்தது. 1840களில் அங்கே ஆர்னால்டு எஷர் என்ற புவியியலாளர், மலைமுகத்தின் குறுக்கே கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு ஓடுவதைக் கவனித்தார். கோட்டுக்கு மேலே இருந்த பாறை, கீழே இருந்ததைவிடப் பழையது. இன்றைய கணக்கில் மேலே இருப்பதற்கு வயது 25 கோடி ஆண்டுக்கும் மேல். கீழே இருப்பதற்கு 5 கோடிக்குள். வண்டல் படிவதைப் பார்த்த யாருக்கும் இது தலைகீழ். முதலில் படிந்தது அடியில்தானே கிடக்க வேண்டும்? மலை ஒன்று மொத்தமாக நகர்ந்து வந்து இளம் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும். எஷருக்கும் அது தோன்றியது. வெளியே சொன்னால் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சினாராம். இரண்டு பெரிய மடிப்புகள் எதிரெதிராகக் கவிழ்ந்து கிடக்கின்றன என்று ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, 1872இல் இறந்துபோனார்.

அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைம் அந்தச் சமாதானத்தைக் கட்டிக் காத்தார். 1884இல் பிரெஞ்சுக்காரரான மார்செல் பெர்ட்ரான், கிளாரஸை நேரில் பார்க்காமலே, ஹைம் வெளியிட்டிருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரட்டை மடிப்பெல்லாம் இல்லை, ஒரே பிளவின் வழியே வடக்கு நோக்கி ஏறிவந்த ஒரே பாறைத்தகடு இது என்று எழுதினார். ஹைம் அதை ஒப்புக்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் ஒப்புக்கொண்டார். அவர் வரைந்த படங்கள் எவ்வளவு நேர்மையானவை என்பதற்கு, அவற்றை வைத்தே அவரை மறுக்க முடிந்தது ஒன்றே போதும்.

அவர் மகன் ஆர்னால்டு ஹைம், 1936இல் அகுஸ்டோ கான்ஸருடன் இமயமலைக்கு வந்தார். தந்தையைத் திணறடித்த அதே காட்சி குமாவுனில் பல மடங்கு பெரிதாக நின்றது. ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை, குறைவாக வெந்த பாறையின் மேல் ஏறிக் கிடந்தது. 1939இல் வந்த தங்கள் நூலில் அந்தப் பிளவை ‘மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட்’ என்றார்கள்.

ஏறியும் மடிந்தும் கிடக்கும் இந்தப் பாறைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடிச் சேறு. இந்தியாவின் வட ஓரத்தில் டெத்திஸ் கடல் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அதன் படுகையில் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் கிலோமீட்டர் கணக்கில் படிந்தன. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடல் உயிர்களின் துணுக்குகள் கொண்ட சுண்ணாம்புக்கல். இதற்கான சாட்சி நம் வீட்டுப் பூஜை அறையிலும் உண்டு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் சுருண்டிருப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. 108 திவ்யதேசங்களில் ஒன்றாகப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமத் தலம் முக்திநாத் என்றே பலரும் கொள்கிறார்கள். 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த இடம். அங்கே கிடைப்பதோ கடல்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவை முட்டியது. நடுவில் அகப்பட்ட அடுக்குகளுக்குப் போக இடமில்லை. அடுத்து நடந்ததைக் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சூட்டோடு இருக்கும்வரை பாகு வளையும், மடியும், இழுத்த பக்கம் நீளும். ஆறினால் படாரென்று முறியும். ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்த பாறை மெல்ல மெல்ல மடிந்தது. மேலே குளிர்ந்திருந்தது உடைந்தது. உடைந்த தகடுகள் சரிந்த ஓட்டு அடுக்குபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. களிமண் பாறை கசங்கியது, தடித்த சுண்ணாம்புக்கல் விறைத்து நின்று முறிந்தது. பாடப்புத்தகத்தில் மடிப்பும் பிளவும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். மலையில் அவை ஒரே வேலையின் இரண்டு பக்கம். அடியில் பிளவு வழியே பாறை ஏறும்போது, மேலுள்ள அடுக்கு அதன்மேல் வளைந்து மடிப்பாகிறது.

டேராடூனுக்குத் தெற்கே மோகண்ட் குன்றுகளில் இந்த வளைவைக் காணலாம். அவை சிவாலிக் தொடரைச் சேர்ந்தவை. அங்கே மடிந்திருப்பது கடலடிப் பாறைகூட இல்லை; இமயத்திலிருந்து ஆறுகள் அரித்துவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும். தான் உதிர்த்ததையே மலை மறுபடி அள்ளி மலையாக்கிக்கொண்டிருக்கிறது.

மலைக்கு அசலம் என்று பெயர் வைத்தோம். அசையாதது. அருணாசலம், வேங்கடாசலம், இமாசலம். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இமயத்தின் அடியில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நுழைகிறது. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. ஆனால் மேற்பகுதியில் பிளவு பூட்டிக்கொண்டு நிற்பதால், நுழைந்த கணக்கு தீராமல் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் ஒரு நிமிடத்தில் தீர்கிறது. 1934 ஜனவரி 15 அப்படி ஒரு நாள்.

அன்று மலையடிவாரத்தில் தரை கிழிந்ததை யாரும் அடையாளம் காணவில்லை. 2013இல்தான், தென்கிழக்கு நேபாளத்தில் சிர் கோலா என்ற ஆற்றோரம் வண்டல் அடுக்குகளை வெட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் அந்தக் கிழிசலைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். அதே இடத்தில் இன்னொரு பழைய கிழிசலும் இருந்தது. நேபாள அரசர் அபய மல்லரின் உயிரைக் கொண்டுபோன 1255ஆம் ஆண்டு நிலநடுக்கம் அது. இரண்டுக்கும் இடையே 679 ஆண்டுகள். அத்தனை காலம் எந்தக் குடும்பம் ஒரு பயத்தை நினைவில் வைத்திருக்கும்?

2015 ஏப்ரல் 25 அன்று காத்மாண்டுக்கு அடியில் பிளவு மறுபடி நழுவி, ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். நகரம் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. இந்த முறை கிழிசல் தரைக்கு வந்து சேரவில்லை. காத்மாண்டுக்குத் தெற்கே அடிவாரக் குன்றுகள்வரை பிளவின் மேற்பகுதி நழுவாமல் அப்படியே இருக்கிறது.