உப்பு சாம்பல் நிறமல்ல

பங்குனி வெயிலில் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், கேமராவை ஆட்டோ மோடில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்தி திரையில் சாம்பல் பூத்துக் கிடக்கும். உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகம் இருட்டுக்குள் போயிருக்கும், கண்ணும் மூக்கும் தெரியாது. கேமராவில் பழுது எதுவும் இல்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. காட்சிகள் எல்லாம் சராசரியாக, தம்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டவை என்ற கணக்கில்தான் அது காலங்காலமாக வேலை செய்துவருகிறது. புல், செங்கல் சுவர், தார் ரோடு, வெளுத்த சட்டை எல்லாம் கலந்த ஒரு தெருக்காட்சிக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். உப்பளத்துக்குப் பொருந்தாது. அவ்வளவு வெண்மையைப் பார்த்ததும் மீட்டர் வெளிச்சம் மிஞ்சிவிட்டதாக முடிவுசெய்து, ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. வெள்ளை நடுத்தரமாகிறது, நடுத்தரமாக இருந்தது கறுப்பாகிறது. 1983இல் வந்த நிக்கான் எஃப்ஏ தொடங்கி, காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் வசதி கேமராக்களில் வந்துவிட்டது. இப்போதைய கருவிகள் முகம் எங்கே என்றும் தேடுகின்றன. ஆனாலும் உப்பளத்தில் இன்றைக்கும் ஏமாறுகின்றன.

இதைச் சரிசெய்யக் கல்லூரிக்குப் போக வேண்டாம். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். அதை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தால் உப்பு வெள்ளையாகும், அந்தப் பெண்ணுக்கு முகம் கிடைக்கும். போனில் முகத்தின் மேல் விரலை வைத்தால் பக்கத்தில் சின்னச் சூரியன் வரும், அதை மேலே தள்ளினால் போதும். ஸ்டாப் என்பது பயமுறுத்தும் சொல் அல்ல. ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், ஒன்று குறைத்தால் பாதியாகும். நாடகமேடையிலோ பரதநாட்டிய அரங்கேற்றத்திலோ இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மேடை முழுக்க இருட்டு, ஆடும் பிள்ளையின் மேல் மட்டும் விளக்கு. மீட்டர் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெந்து வெளுத்துப்போகும். அங்கே ஒன்றரை ஸ்டாப் குறைக்க வேண்டும்.

நான் தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருகிறார்கள். ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள் என்று அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உப்பு மட்டுமல்ல. நம் மனிதர்களின் தோல்.

அடர்ந்த மாநிறமுள்ள ஒருவரை வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையோடு நிறுத்தி ஆட்டோவில் எடுங்கள். முகம் விவரமில்லாமல் கறுத்துவிடும். அதே மனிதரின் முகம் மட்டும் நிறையும்படி கிட்டே போய் எடுங்கள். இப்போது மீட்டர் அந்த முகத்தையே நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கும், அவர் வெளிறிப்போவார். ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே மனிதருக்கு இரண்டு நிறம். இரண்டுமே அவருடையது அல்ல. அவருடைய நிறம் எது என்பதை அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர்தான் சொல்ல முடியும். அந்த ஒருவர் படம் எடுப்பவர்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் தன் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்ற பெண் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அவர் பெயரால் அது ஷெர்லி அட்டை என்றே அழைக்கப்பட்டது. அந்தத் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று எந்திரத்தைத் திருத்திக்கொள்வார்கள். கறுத்த தோலின் நுட்பமான வேறுபாடுகளைப் பதிவதில் அந்தக் கால பிலிம் பலவீனமாகவே இருந்தது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிலிமை மேம்படுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு அழுத்தம் தந்தவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். மனிதர்களுக்காக நடக்காத திருத்தம் மரத்துக்காக நடந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இன்று நிலைமை மேல்தான். கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்றே கூகுள் நிறுவனம் 2021இல் தன் பிக்சல் போனில் மாற்றங்கள் செய்ததாக அறிவித்தது. ஆனால் நம் கைகளில் இருக்கும் பல போன்களில் செல்ஃபி கேமராவைத் திறந்தாலே பியூட்டி வசதி தானாக இயங்குகிறது. தோலை வழவழப்பாக்குகிறது, நிறத்தைக் கூட்டுகிறது, சில போன்களில் தாடையைக்கூடச் சுருக்குகிறது. பிறந்ததிலிருந்து தன் முகத்தை இப்படியே பார்த்து வளரும் ஒரு பெண் பிள்ளை, கண்ணாடியில் தெரியும் முகத்தைக் குறையுள்ளது என்று நினைக்கத் தொடங்கினால் அந்தப் பழி யாரைச் சேரும்?

கல்யாண வீடுகளில் எனக்குத் தவறாமல் வரும் கோரிக்கை, "அண்ணாச்சி, பிள்ளைய கொஞ்சம் கலரா எடுத்துக் குடுங்க." பெரும்பாலும் அம்மாமார்கள்தான் தயங்கித் தயங்கி வந்து சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இதுவரை பார்த்த ஆல்பங்களில் கறுத்த மணப்பெண் ஒன்று சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறாள், அல்லது இருளடைந்து இருக்கிறாள். மூன்றாவதாக ஒரு படம் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் நான் பதில் சொல்வதில்லை. மணப்பெண்ணை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பச் சொல்லி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்து, அந்த அம்மாவிடம் காட்டுவேன். கறுத்த தோலுக்குப் பக்கவாட்டு வெளிச்சம்போல் உகந்தது வேறில்லை. நெற்றியிலும் கன்னமேட்டிலும் மூக்கின் முதுகிலும் ஒளி வழுக்கிக்கொண்டு போகும், முகத்துக்கு வடிவம் வந்துவிடும். நேருக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் அந்த வடிவம் தட்டையாகிவிடுகிறது. முகம் சட்டத்தை நிறைத்திருந்தால் மீட்டர் சொல்வதைவிட முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்வேன். படத்தைப் பார்த்த பிறகு அந்த அம்மா நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "எங்க அத்தை மாதிரியே இருக்கா" என்பார். எனக்கு அது போதும்.

முழு மேனுவலில் எடுத்தால்தான் நீ போட்டோகிராபர் என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தொழிலில் தேர்ந்த பலர் அப்பர்ச்சரைத் தாங்கள் வைத்துக்கொண்டு ஷட்டரைக் கேமராவிடம் விடுகிறார்கள். ஓடிப்போய் எடுக்க வேண்டிய இடத்தில் நானும் அப்படித்தான். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பர்ச்சர் எவ்வளவு ஆழம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஷட்டர் அசைவு எப்படிப் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜல்லிக்கட்டு மாடு துள்ளுவதை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். ராட்டினம் சுற்றுவதைச் சுழலாகக் காட்ட அரை நொடி வேண்டும், கேமரா ஆடாமல் நிற்க ஒரு ஸ்டாண்டும் வேண்டும். இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்?

கல்யாண மண்டபத்துக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் இதில் சிக்காமல் இருப்பதே இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் அந்த மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்கில் வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை முகத்தில் ஒரு பட்டை போனால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. நூறில் ஒரு பங்கு, அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் துடிப்போடு ஷட்டர் ஒத்துப்போகும், பட்டை மறையும். ஆட்டோவுக்கு விட்டால் அது தன் கணக்குப்படி 320, 400 என்று எங்காவது போய் நிற்கும்.

குத்துவிளக்கையும் சொல்ல வேண்டும். எண்ணெய் விளக்கின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின், நண்பகல் வெயில் 5,500 கெல்வின் பக்கம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் விளக்கின் மஞ்சளை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு, அதை முடிந்தவரை நீக்கப் பார்க்கும். கார்த்திகை அன்று வாசலில் அகல் ஏற்றும் பாட்டியை எடுத்தால், அந்தப் பொன்னிறம்தானே படம்? ஒயிட் பேலன்ஸை வெயில் குறிக்கு மாற்றிவைத்தால் அது தங்கும். போனின் புரோ பகுதியிலும் இந்த வசதி இருக்கிறது. நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இருட்டைப் பகலாக்குகிறது. ஆளில்லாத தெருவுக்கு அது நல்ல உதவி. அகல் வெளிச்சத்தில் இருட்டும் வேண்டும்.

வெளிச்சத்தை இப்படி அறிந்தவர்கள் கருவியை நம்பி நிற்கவில்லை. 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு கிராமத்தின் மேல் நிலா எழுவதை ஆன்சல் ஆடம்ஸ் பார்த்தார். கீழே கல்லறைச் சிலுவைகளில் அந்திவெயில் மறையப்போகிறது. மீட்டரைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தார், புகழ்பெற்ற படமாயிற்று. நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதற்குப் பகல் அளவுதான் வைக்க வேண்டும். மொட்டைமாடியில் நின்று பௌர்ணமியை எடுத்து வெள்ளைப் பொட்டு மட்டும் கிடைத்தவர்கள், சூரியக் குறியைக் கீழே இழுத்துப் பார்க்கலாம்.

நமக்கு அருகிலேயே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைப் பற்றி எழுதியே வாழ்நாளைக் கழித்தவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தனக்கென்று ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயரும் வைத்தார். காட்டு நிழலில் நிற்கும் யானையைவிட மீட்டரை ஏமாற்றும் பொருள் அரிது. அவருடைய யானைகள் நிழலிலும் தோலின் மடிப்போடு நிற்கின்றன.

இதையெல்லாம் கற்க லட்ச ரூபாய் கேமரா வேண்டும் என்று நினைத்துக் கடன் வாங்கும் பையன்களைப் பார்க்கிறேன். மனம் கனக்கிறது. என்னிடம் வருபவர்களிடம் முதலில் கையில் இருப்பதையே கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு தேங்காய், ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு கறுப்புக் குடை. மூன்றையும் திண்ணையில் வைத்து, காலை, நண்பகல், சாயங்காலம் என்று எடுத்துவரச் சொல்வேன். துண்டு வெள்ளையாகவும் குடை கறுப்பாகவும் வரும்வரை அடுத்த பாடம் கிடையாது. எண்களை மனப்பாடம் செய்தவர்கள் இதில் திணறுவார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்கத் தொடங்கியவர்கள் சீக்கிரம் கடந்துவிடுவார்கள்.

நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடம் இருக்கிறது. குவிலென்ஸ், குவியத் தூரம், பிம்பம் எல்லாம் பிள்ளைகள் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே லென்ஸ் அவர்கள் வீட்டில் ஒரு போனில் இருக்கிறது. அந்தப் பாடத்தோடு இரண்டு செய்முறை வகுப்புகளைச் சேர்த்தால் போதும். ஆசிரியரின் போன் ஒன்றே போதுமானது. தம் ஊரின் குளத்தையும், தறியையும், தாத்தாவின் முகத்தையும் உள்ள நிறத்தில் பதிவுசெய்யத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். கல்வித்துறை இதைக் கருத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் நீங்கள் உங்கள் போனை எடுத்து, கேமரா அமைப்புகளுக்குள் போய், பியூட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களில் ஆகக் கறுத்தவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். அவர் நிறம் வரும்வரை அந்தச் சூரியனை மேலும் கீழும் நகர்த்துங்கள்.